வாயில் கமர்கட்டு

அந்த டீச்சரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது செத்துப்போன ஒரு காலிங்பெல்.

அப்போது அன்னவாசல் ரோட்டில், ஒரு பாலிடெக்னிக் காலேஜுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். டைப்பிங், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் உண்டு. பின்னால் சாப்பிடப் போகும்போது ஆள் வந்தால் தெரியட்டும் என்று, மேஜை ஓரத்தில் ஒரு பெல்லை மாட்டி, 'பெல்லை அழுத்தவும்' என்று அட்டையில் எழுதி வைத்திருந்தேன். பெல் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அட்டை மட்டும் உயிரோடு இருந்தது.

ஒருநாள் நான் கம்ப்யூட்டரில் ஏதோ அடித்துக்கொண்டிருக்கிறேன். எதிரே ஓர் அம்மா. தோளில் பெரிய பை, கையில் ஒரு தாள். பெல்லை அழுத்துகிறார். நான் நிமிர்ந்து பார்க்கிறேன். அவரும் என்னைப் பார்க்கிறார். மறுபடி அழுத்துகிறார்.

"சொல்லுங்க மேடம், என்ன வேணும்?" என்றேன்.

இன்னொரு முறை அழுத்துகிறார்.

"அது அடிக்காதுங்க. நான்தான் இங்கயே இருக்கேனே."

"நீங்க இருக்கீங்க. அட்டை அழுத்தச் சொல்லுது. அழுத்திட்டேன், சத்தம் வரலை. வரலைன்னா என்ன செய்யணும்னு அட்டை சொல்லலை. அதான் நிக்கிறேன்."

சிரிப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை முகத்தில். கேலி செய்கிறாரா, இல்லை உள்ளே ஏதாவது கழன்றுவிட்டதா என்று எனக்குப் புரியவில்லை. அன்று சாயந்திரமே அந்த அட்டையைக் கழற்றிவிட்டு, 'அண்ணே என்று கூப்பிடவும்' என்று எழுதி வைத்தேன். மறுநாள் அவர் வந்து அட்டையைப் படித்துவிட்டு, "ஜெராக்ஸ் அண்ணே" என்றார். கடைசிவரை நான் அவருக்கு ஜெராக்ஸ் அண்ணேதான்.

காலேஜில் பையன்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவர் எடுத்த பாடம், செய்முறைக் குறிப்பு எழுதுவது. ஒரு மெஷினை எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது, எப்படித் துடைப்பது என்று, தெரியாத ஆளுக்குப் புரிகிற மாதிரி தாளில் எழுத வேண்டும். இதற்குப் போய் ஒரு பாடமா என்று நான் நினைத்தேன். அந்த நினைப்பில்தான் ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"என்ன மேடம் பெரிய வித்தை? எங்கிட்ட ஒரு தாளைக் குடுங்க. இந்த ஜெராக்ஸ் மெஷின்ல பேப்பர் சிக்கினா எப்படி எடுக்கிறதுன்னு ரெண்டே நிமிசத்துல எழுதிக் குடுக்கிறேன்."

எழுதிக் கொடுத்தேன். அவர் பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே கமர்கட்டு. வெல்லப்பாகில் தேங்காய் போட்டு உருட்டிய பழைய மிட்டாய், கல் மாதிரி இருக்கும். வாயில் போட்டால் ஒரு கன்னம் நிரம்பிவிடும், பேச முடியாது.

"வாயத் தொறங்க" என்றார்.

"எதுக்கு மேடம்?"

"எழுதினவங்க பேசக்கூடாது. தாளு பேசட்டும். நான் இந்த மெஷினைத் தொட்டதே இல்லை. நீங்க எழுதினதை மட்டும் பாத்துச் செய்யறேன்."

என் வாயில் கமர்கட்டு. அவர் கையில் என் தாள். முதல் வரியில் 'மூடியைத் திறக்கவும்' என்று எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே மூடிதான், வலப்பக்கம் இருக்கிற மூடி. அவர் முன்பக்கத்து மூடியைத் திறந்தார். அது டோனர் மூடி. நான் "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று கைகளை ஆட்டினேன். அவர் தாளைக் காட்டி, விரலை உதட்டில் வைத்து, டோனரைப் பிடித்து இழுத்தார்.

கறுப்புப் பொடி குபீரென்று கிளம்பியது. நெற்றி, மூக்கு, சேலை எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பு முகத்தில் இரண்டு கண்கள் மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டன:

"இந்த மெஷின்ல மொத்தம் எத்தனை மூடி இருக்கு அண்ணே?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்த அம்மா பிள்ளைகளின் வாயை அடைத்தே பிழைக்க வைத்தது. காலேஜில் அவருக்குப் பெயரே கமர்கட்டு டீச்சர். வகுப்பில் ஒருவன் எழுதுவான், இன்னொருவன் செய்து பார்ப்பான். எழுதியவன் கன்னத்தில் கமர்கட்டு உப்பிக்கொண்டு நிற்கும். அது கரைவதற்குள் வேலை முடியவில்லை என்றால் தாளில் தப்பு, செய்தவன்மேல் தப்பில்லை. "மேடம், அவனுக்குப் புரியலை மேடம்" என்று எவனாவது சொன்னால் ஒரே கேள்விதான் கேட்பார்: "நாளைக்குத் தாளுகூடவே நீயும் போயி நிப்பியா?"

வகுப்போடு விட்டிருந்தால் காலேஜுக்கும் சங்கடமில்லை. ஆனால் அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். அங்கன்வாடி எடை மெஷின், நூலகத்துக் கம்ப்யூட்டர் என்று எதற்கெல்லாம் ஆள் திண்டாடுகிறார்களோ அதற்கெல்லாம் தாள் எழுதிக் கொடுக்கச் சொன்னார். மார்க் போடுவதும் அவர் இல்லை. அந்தத் தாளை வைத்து வேலை செய்த ஆள்தான் போட வேண்டும். பிரின்ஸிபால் ஒருநாள் என் கடை வாசலில் வைத்தே கேட்டுவிட்டார்.

"ஊருக்குப் போறதுன்னு எந்த சிலபஸ்ல மேடம் இருக்கு?"

"யாருக்கு எழுதறதுன்னும் இல்லை சார். அதைத் தேடிக்கிட்டுத்தான் போறோம்."

வாயில் கமர்கட்டு இல்லாமலே பிரின்ஸிபால் பேசாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்படித் தேடிப் போன இடத்தில் கிடைத்தவர் கருப்பையா.

கொடும்பாளூர் போகிற வழியில் உள்ளே தள்ளி ஓர் ஊர். கருப்பையா அங்கே பஞ்சாயத்து மோட்டார் ஆபரேட்டர். ஆழ்குழாயில் மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, ஒருநாள் மேலத்தெருவுக்கும் மறுநாள் கீழத்தெருவுக்கும் தண்ணீர் விடுவது அவர் வேலை. முன்பு ஒருமுறை வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனபோது, பதிலுக்கு நின்றவன் மோட்டாரைப் புகைய விட்டுவிட்டான். அன்றிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர் அவரை ஊரைவிட்டு நகர விடவில்லை. "நான் ஒருநாள் இல்லைன்னா ஊரு நாறிப்போயிரும்" என்று அவரும் மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார். அதில் பாதி வருத்தம், பாதி பெருமை.

பெருமைக்கு ஒரு நாள் ஆப்பு வந்தது. அவர் தங்கச்சியைத் தாராபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. தங்கச்சி மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமனுக்கு வர முடியவில்லை என்று இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. மூன்றாவது முறை தங்கச்சி போனில் சொன்னது: "இந்தத் தடவையும் நீ மோட்டாரைக் கட்டிக்கிட்டு அழு. எங்க வீட்டுக்காரரோட பங்காளி மடியில வச்சுக் குத்திக்கிறோம்." அதோடு பேச்சை நிறுத்திவிட்டது.

ஒரு தாய்மாமனுக்கு இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறதா? போக ஒருநாள், வர ஒருநாள். இரண்டு நாள் யாராவது தண்ணீர் விட்டாக வேண்டும். யார் நின்றாலும் மோட்டார் கெடாது என்று நிரூபித்தால் அனுப்புகிறேன் என்றார் தலைவர். அங்கேதான் டீச்சர் நுழைந்தார்.

பிள்ளைகள் முதலில் கருப்பையாவைக் கேட்டு எழுதப் பார்த்தார்கள்.

"காலையில என்னண்ணே செய்வீங்க?"

"மோட்டாரைப் போடுவேன்."

"அதுக்கு முன்னாடி?"

"வருவேன்."

"போட்டதுக்கு அப்புறம்?"

"தண்ணி வரும். இதையெல்லாமா தம்பி காலேஜ்ல சொல்லித் தாராங்க?"

கேட்பதை நிறுத்திவிட்டு அவர் பின்னாலேயே போகச் சொன்னார் டீச்சர். அவர் செய்கிற ஒவ்வொன்றையும் எழுத வேண்டும், எது தேவை எது தேவையில்லை என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளை கர்மசிரத்தையாக, 'நான்காவது: வெற்றிலையைத் துப்பவும்' என்று எழுதியிருந்தது.

"துப்பலைன்னா மோட்டார் ஓடாதா?" என்றார் டீச்சர்.

"ஓடும் மேடம்."

"அப்ப அடி. அடுத்து?"

"ஸ்டார்ட்டர் பெட்டியைத் துண்டால மூணு தட்டு தட்டுறாங்க மேடம். சாமி கும்பிடுறாங்க போல. அடிச்சிரவா?"

டீச்சர் கருப்பையாவைப் பார்த்தார். "எதுக்குண்ணே தட்டறீங்க?"

"பல்லிங்க டீச்சரம்மா. உள்ள போயி படுத்துக்கிரும். தட்டாமப் போட்டா அதுவும் செத்து, பெட்டியும் புகைஞ்சிரும். போன தடவை எரிஞ்சது அப்பிடித்தான்."

"இதை ஏன் யாருக்கிட்டயும் சொல்லலை?"

"யாரு கேட்டா?"

பல்லி தாளில் ஏறியது. நான் டைப் அடித்து, லேமினேட் செய்து கொடுத்தேன். செய்து பார்க்க ஒன்றும் தெரியாத ஆள் வேண்டும் என்றபோது டீச்சரின் கண் என்மேல் விழுந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். தெரியாதது ஒரு தகுதி என்று என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் சொல்கிறார். கடையை அடைத்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

மோட்டார் அறை வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், ஒவ்வொரு கன்னத்திலும் கமர்கட்டு. கருப்பையா வாயிலும் ஒன்று. நியாயமாக டீச்சரும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். நான் பெட்டியைத் தட்டினேன். கரண்டைக் காட்டுகிற சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று விளக்கும் எரிகிறதா என்று பார்த்தேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன். தொட்டி நிரம்பி, வழிகிற குழாயில் தண்ணீர் கொட்டியதும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அடுத்த வரி: 'வலதுபக்க வால்வைத் திறக்கவும்.' குழாயைச் சுற்றிக்கொண்டு போய் நிழலில் நின்று, என் வலதுபக்கத்து வால்வைத் திறந்தேன்.

பிள்ளைகள் பக்கமிருந்து மாட்டுக்கொட்டகை மாதிரி "ம்ம்ம்" என்று சத்தம் வந்தது. நான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் இடுப்பில் காலிக் குடத்தோடு ஓர் அம்மா வந்தது. கீழத்தெருப் பஞ்சவர்ணம். அந்த ஊரில் தண்ணீருக்கு முன்னால் அந்த அம்மாவின் குரல்தான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும்.

"எந்த ஊருய்யா நீ? இன்னைக்குக் கீழத்தெரு மொறை. மேலத்தெருவுக்குத் தொறந்து விட்டிருக்க? ஒனக்கு மாமியா வீடு அங்கிட்டா இருக்கு?"

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"கருப்பையாண்ணே, நீயும் பாத்துக்கிட்டு நிக்கிறியே, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ம்ம்" என்றார் கருப்பையா.

"ஏன்டா தம்பிகளா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்டா."

"ம்ம்ம்" என்றார்கள் எல்லோரும்.

"ஆத்தாடி, ஊரு மொத்தத்துக்கும் கன்னத்துல அம்மை போட்டிருக்கு!" என்று பஞ்சவர்ணம் குடத்தைக் கீழே வைத்துவிட்டது.

நான் தாளை நீட்டினேன். "இதுல வலதுன்னு போட்டிருக்கும்மா."

பஞ்சவர்ணம் எழுத்துக்கூட்டிப் படித்தது. "யாரு வலது? ஒன் வலதா, குழாய்க்கு வலதா? எங்க ஊர்ல சோத்துக்கையைத் தவிர வேற எதுக்கும் வலது கெடையாது. எலையில உப்பு வைக்கிறதைக்கூட மேக்கால வையின்னுதான் சொல்லுவோம். கிழக்கு வால்வு கீழத்தெருவுக்கு, மேக்கு வால்வு மேலத்தெருவுக்கு. எழுதுனா கை நோகுதா?"

டீச்சர் கமர்கட்டைக் கைக்குட்டையில் துப்பினார். பாதியில் அவர் துப்பி நான் பார்த்ததில்லை.

"ஒங்க பேரு என்னம்மா? ரெண்டு நாள் இந்த மோட்டாரைப் போட்டுக் குடுப்பீங்களா?"

"நானா?"

"தப்புக் கண்டுபிடிச்சவங்க கையிலதான் திருத்தின தாளைக் குடுப்பேன்."

பிள்ளைகள் உட்கார்ந்து திருத்தினார்கள். டவுன் பையன் ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான், "மேடம், கிழக்கு எது மேடம்?" அவன் செல்போனை எடுத்துத் திசை தேடுவதற்குள் பஞ்சவர்ணம் அவன் தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டது. மார்க் கேட்டபோது பத்துக்கு ஆறு போட்டது. "எழுத்தெல்லாம் மருமக போட்ட கோலமாட்டம் அழகாத்தான் இருக்கு. ஆனா காலு வைக்க எடம் விடலை."

தலைவர் ஒருவழியாகச் சம்மதித்தார். கருப்பையா கிளம்புகிற நாளுக்கு முன்தினம் டீச்சர் பஞ்சவர்ணத்திடம் சத்தியமே வாங்கிவிட்டார். தாளில் இருப்பதை மட்டும்தான் செய்ய வேண்டும், சொந்தப் புத்தியைக் காட்டக் கூடாது. "அது எங்கிட்ட எங்க இருக்கு டீச்சரம்மா, காட்டுறதுக்கு?" என்று கையில் அடித்தது பஞ்சவர்ணம்.

முதல் நாள் காலை கருப்பையா பெஞ்சாதியோடு தாராபுரத்தில் இறங்கியிருப்பார். இங்கே பஞ்சவர்ணம் துண்டை எடுத்துப் பெட்டியைத் தட்டியது. சொத்தென்று ஒரு பல்லி காலடியில் விழுந்து ஓடியது.

"டீச்சரம்மா! பல்லி வரும்னு போட்டிருக்கு, வந்திருச்சு!" ஏதோ ஜாதகம் பலித்த மாதிரி ஒரு சந்தோஷம்.

டீச்சர் "ம்" என்றார், கமர்கட்டோடு.

தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கருப்பையா. டீச்சர் எடுத்து "ம்" என்றார். "டீச்சரம்மா, மூணு லைட்டும் எரியுதா?" "ம்." "பெட்டியைத் தட்டுச்சா?" "ம்ம்." "சத்தம் ஒரே சீரா வருதா?" பின்னால் பிள்ளை வீரிட்டு அழுகிற சத்தம், அதற்கும் மேல் ஒரு பெண் குரல்: "அண்ணே! ஆசாரி ஊசியோட நிக்கிறாரு, போனை வையி! மடியில புள்ளையா, மோட்டாரா?"

பஞ்சவர்ணம் போனைப் பிடுங்கியது. "கருப்பையாண்ணே, ஒன் தங்கச்சிதானே அது? பேசிருச்சுல்ல? பெறகென்ன? அங்கிட்டு நீ புள்ளையைப் பிடி, இங்கிட்டு நாங்க தாளைப் பிடிச்சுக்கிறோம்." வைத்துவிட்டது.

அன்று மேலத்தெருவுக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போனது. காலேஜுக்கு நேரமாகிறது என்று பிள்ளைகளையும் டீச்சரையும் நான்தான் அவசரப்படுத்தி வேனில் ஏற்றிவிட்டேன். பஞ்சவர்ணம் அப்போதும் மோட்டார் அறை வாசலிலேயே நின்றதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. நான் கடையைத் திறந்துவிட்டு, நிதானமாக வெயில் ஏறியபிறகு போனேன். கீழத்தெருவில் தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, கொடியில் காயப்போட்டிருந்தார்கள். எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் மோட்டார் அறை வாசற்படியில் பஞ்சவர்ணம் தாளோடு உட்கார்ந்திருக்கிறது. எதிரே ஒரு கல்லில் டீச்சர், கன்னம் உப்பலாக. பக்கத்தில் கமர்கட்டுப் பொட்டலம் காலியாகிக் கிடக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இருவரும் அசையவில்லை.

"என்ன டீச்சர், மோட்டார் ரிப்பேரா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று.

"தண்ணி வரலையா?"

அதற்கும் இல்லை என்று ஆட்டினார்.

"பின்ன ஏன் ரெண்டு பேரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

பஞ்சவர்ணம்தான் பதில் சொன்னது. "வால்வை அடைக்கவும்னு போட்டிருந்துச்சு. அடைச்சுட்டேன். அதுக்கப்புறம் தாள்ல ஒண்ணுமில்லை. சத்தியம் பண்ணியிருக்கேன். நேத்தும் இப்பிடித்தான், எம்மக வந்து இழுத்துக்கிட்டுப் போற வரைக்கும் உக்காந்திருந்தேன். டீச்சரம்மாகிட்ட கேட்டா, சோதனை முடியலைன்னு வாயைத் தொறக்க மாட்டேங்குது."

எனக்கு அந்தச் செத்துப்போன காலிங்பெல் ஞாபகம் வந்தது. பெல் சத்தம் போடவில்லை என்றால் என்ன செய்வது என்று என்னைக் கேட்டவர், தன் பிள்ளைகளின் தாளுக்கு முன்னால் அதே மாதிரி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கை பறந்துவிட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் கமர்கட்டு இல்லாத கன்னம் லேசாகத் துடித்தது.

அந்த நேரம்தான் கருப்பையா வந்து சேர்ந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கி, பெஞ்சாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே மோட்டாருக்கு. புது வேட்டி, சட்டையில் சந்தனம், கையில் இனிப்புப் பை.

"என்னாச்சு? எரிஞ்சு போச்சா?" மூச்சிரைத்தது.

"ஒண்ணும் ஆகலைண்ணே. தண்ணி வந்துச்சு, போச்சு, அடைச்சாச்சு."

"ரெண்டு நாளும்?"

"ரெண்டு நாளும்."

"ஊர்ல யாரும் என்னைத் தேடலையா?"

"நீ ஊர்ல இல்லைங்கிறதே பாதிப் பேருக்குத் தெரியாது."

கருப்பையாவின் மீசை ஒரு சுற்று சிறுத்ததை என் கண்ணால் பார்த்தேன். இனிப்புப் பையைப் படியில் வைத்தார். பிறகு, "அப்ப நீ ஏத்தா இங்க உக்காந்திருக்க?" என்றார்.

"தாளு போகச் சொல்லலையே."

தாளைக் கேட்டு வாங்கினார். அதுவரை அவர் அதைப் படித்ததே இல்லை. மேலிருந்து கீழே வரை விரலை வைத்துப் படித்தார், பல்லியிடம் கொஞ்சம் நின்றார், கடைசி வரிக்குக் கீழே வெறும் இடத்துக்கு வந்தார். அப்படியே பஞ்சவர்ணத்துக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் யாரும் சொன்னதில்லை ஆத்தா. அடைச்சுட்டு இதே எடத்துலதான் உக்காந்திருப்பேன். கெட்டுப்போனா, யாராச்சும் கூப்பிட்டா, கரண்டு போனான்னு… அப்பிடியே இருட்டிரும். மாப்ளை வீட்டுல கேட்டாங்க, 'வேலை எப்ப மச்சான் முடியும்?'னு. எனக்குச் சொல்லத் தெரியலை."

டீச்சர் எழுந்து வந்தார். வாயில் கமர்கட்டு அப்படியே இருந்தது. பையிலிருந்து அழியாத மார்க்கர் பேனாவை எடுத்து, கருப்பையாவின் கையிலிருந்த தாளில், பிளாஸ்டிக்கின் மேலேயே, கொட்டை எழுத்தில் எழுதினார்.

பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டியது. "வேலை… முடிந்தது. வீட்டுக்குப்… போகலாம்." உடனே எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டது. "அப்பாடா! இந்தா டீச்சரம்மா, இப்பப் போட்டுக்க, பத்துக்கு ஒம்பது. ரெண்டு நாளா உக்கார வச்சதுக்கு ஒண்ணைக் கழிச்சிட்டேன்."

மிச்சமிருந்த கமர்கட்டைக் கடித்து உடைத்துவிட்டு டீச்சர் சொன்னார், "நியாயம்."

அதற்கடுத்த வருஷமோ என்னவோ அவர் வேறு ஊர்க் காலேஜுக்குப் போய்விட்டார். போகிறபோது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். அண்ணே என்று கூப்பிட்டார். எங்கே, எப்போது, ஏன் என்று நான் கேட்டதற்கெல்லாம் பேசாமல் என் கையில் ஒரு கமர்கட்டைக் கொடுத்தார். எனக்குப் புரிந்தது, வாயில் போட்டுக்கொண்டேன். கண் கலங்கினால் குரல் காட்டிக் கொடுக்குமே, அந்த வகையில் வசதியாகத்தான் இருந்தது.

அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றைக்குப் பஞ்சவர்ணம் போனபிறகு கருப்பையா அறையைப் பூட்டினார். தாளை ஆணியில் மாட்டினார். இன்னொரு தடவை கடைசி வரியைப் படித்துவிட்டு, இனிப்புப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால் வருகிறோம். உச்சி வெயில். டீக்கடை பெஞ்சிலிருந்து தலைவர் கத்தினார்:

"என்னய்யா கருப்பையா, இந்நேரத்துல வீட்டுப் பக்கம் போற? ஒடம்புக்கு என்ன?"

கருப்பையா நிற்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தாள்ல போட்டிருக்குங்க."